மூணு பாரம், ஒரு ஆணி

உலகத்துல எல்லாரும் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு எண்ணுவாங்க. பிரஸ்ல பாரம் போடறவன் மட்டும் ஒண்ணு, பதினாறு, பதிமூணு, நாலுன்னு எண்ணிட்டு, அதுதான் சரியான வரிசைன்னு சாதிப்பான்.

அறுபதுகளோட கடைசியில ஆரம்பிச்சு பத்துப் பன்னெண்டு வருஷம் அம்பத்தூர்ல ஒரு சின்ன பிரஸ்ல எனக்கு இதான் வேலை. ஒரு பெரிய தாளை எடுத்துக்குங்க. முன்னால எட்டுப் பக்கம், பின்னால எட்டுப் பக்கம் அச்சடிக்கணும். அதை மூணு மடிப்பு மடிச்சு, முதுகுல பின் அடிச்சு, ஓரத்தை வெட்டினா பதினாறு பக்கப் புஸ்தகம். மடிச்ச பிறகு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரணும்னா, மடிக்கறதுக்கு முன்னாடி தாறுமாறா இருக்கணும். பாதிப் பக்கம் தலைகீழா நிக்கணும். ஈயத்துல கோத்த அந்த எட்டுப் பக்கத்தையும் கல்லு மேல அப்படித் தாறுமாறா அடுக்கி, இரும்புச் சட்டத்துக்குள்ள இறுக்கி மிஷினுக்கு அனுப்பறதுக்குப் பேருதான் பாரம் போடறது.

இதைப் படிக்கிறவங்கள்ல கம்பாசிட்டர், மிஷின்மேன், பைண்டர்னு யாராவது இருந்தா, நான் சொல்றதுக்கு முன்னாடியே பெருமூச்சு விட்டிருப்பீங்க. மத்தவங்க ஒரு தாளை மூணு தடவை மடிச்சுக் கையில வெச்சுக்கிட்டுப் படிங்க. நான் பட்டது கொஞ்சம் புரியும்.

வேலை கிடைச்ச கதை

எங்க அப்பா வானகரத்துல அடுத்தவங்க கழனியில வேலை செஞ்சவரு. நான் பகல்ல அம்பத்தூர் தொழிற்பேட்டையில ஒரு கம்பெனியில எடுபிடி, சாயங்காலம் ஆவடியில நைட் ஸ்கூல். நோட்டு வாங்க வழி இல்லாம, பிரஸ் வாசல்ல கொட்டிவெச்ச வீணான தாளைப் பொறுக்கி, மடிச்சு, நூல் போட்டுத் தைச்சு நோட்டு பண்ணிக்குவேன். பல தாள்ல ஒரு பக்கம் ஏற்கெனவே அச்சாகி இருக்கும். அதை மடிச்சு மடிச்சே, எந்தப் பக்கம் எங்க போய் உட்காரும்னு என் கைக்குத் தெரிஞ்சு போச்சு. கணக்குல நான் வாங்கின மார்க்கை விட நோட்டு நல்லா இருக்கும்.

ஒரு நாள் பொறுக்கும்போது பிரஸ் மொதலாளி ஏகாம்பரம் பாத்துட்டாரு. துரத்தப் போறாருன்னு நினைச்சேன். "பதினாறு பக்கப் பாரத்துல, முதல் பக்கத்தை ஒட்டினாப்பல எந்தப் பக்கம் வரும்?"னு கேட்டாரு. "பதினாறு"ன்னேன். "ரெண்டுன்னு சொல்லியிருந்தா அனுப்பியிருப்பேன். நாளைக்கு வா"ன்னாரு.

மறுநாள் முதல் வேலையா ஒரு ஆணியைக் காட்டினாரு. வாசலுக்கு நேர் எதிர்ச் சுவத்துல, வர்றவங்க கண்ணுல படற மாதிரி நீளமா ஒண்ணு. பாரம் தப்பாப் போட்டுக் கெட்டுப்போன வேலையில ஒரு தாளை அதுல மாட்டுவாராம். மூணு தாள் மாட்டினா, மறுநாள்லேருந்து வர வேண்டாமாம். எனக்கு முன்னாடி இருந்தவரு ஒரே வருஷத்துல மூணையும் மாட்டிட்டுப் போயிட்டாரு. அப்ப எங்க அப்பாவுக்கு முதுகு விழுந்து வேலைக்குப் போறது நின்னிருந்தது. தங்கச்சிங்க ரெண்டு பேர். அந்த ஆணிக்குக் கீழதான் எங்க வீட்டு அடுப்பு எரிஞ்சுதுன்னு வெச்சுக்குங்க.

நான் ஆணியையே பாத்துக்கிட்டு நின்னேன். மிஷின்மேன் அந்தோணி கையைத் துடைச்சுக்கிட்டே பக்கத்துல வந்தாரு.

"பயப்படாத கோயிந்து. எனக்குத் தெரிஞ்சு அந்த ஆணி இதுவரிக்கும் யாரையும் காக்க வெச்சதில்ல."

பதினேழாவது பக்கம்

மாங்காட்டுலேருந்து ஒரு பெரியவர் வந்தாரு. தாலுகா ஆபீஸ்ல குமாஸ்தாவா இருந்து ஓய்வு பெற்றவர். தன்னோட வாழ்க்கை வரலாறைத் தானே எழுதி எடுத்துட்டு வந்திருந்தாரு. கோத்துப் பாத்தா பதினேழு பக்கம். பின் அடிக்கிற புஸ்தகத்துல பக்கம் நாலு நாலாத்தான் ஏறும் சார், பதினாறு இல்லேன்னா இருபதுன்னேன். "பதினாறு போடத் தெரிஞ்சவங்களுக்கு இன்னும் ஒண்ணு போடத் தெரியாதா தம்பி?"ன்னாரு. தாளை மடிச்சுக் காட்டினேன். பதினேழாவது பக்கத்தை ஓரத்துல ஒட்டிடலாம்னாரு. இருபதாப் போட்டு மூணு பக்கம் காலியா விடலாம்னு சொன்னேன். காலியா விட்டா அவரு சம்சாரம் அதுல கோலம் போட்டுப் பாக்கும்னு அதுவும் வேண்டாம்னுட்டாரு.

அப்ப எதையாவது குறைங்கன்னேன். மூணு நாள் எடுத்துக்கிட்டாரு. பிறந்தது, படிச்சது, பரீட்சை பாஸ் பண்ணது, எருமை வாங்கினது, மேலதிகாரி பாராட்டினது எதையும் தொட மனசு வரலை. கடைசியில கல்யாணத்தைச் சுருக்கினாரு. பதினாறுல கச்சிதமா அடங்கிடுச்சு. எனக்கும் நிம்மதி.

புஸ்தகக் கட்டை வாங்கிக்கப் புருஷனும் பொண்டாட்டியுமா வந்தாங்க. அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அங்கேயே நின்னு முழுசும் படிச்சாங்க. மூடி வெச்சுட்டு அவரைக் கேட்கலை, என்னைத்தான் கேட்டாங்க.

"என்னைக் கட்டினது ரெண்டு வரி, எருமை வாங்கினது ஒன்றரைப் பக்கமாப்பா?"

தலைகீழ்த் தலைவர்

பஞ்சாயத்துத் தேர்தல் நேரம். கட்சிக்காரர் ஒருத்தர் நாலு பேரோட உள்ள வந்தாரு. அவங்க கட்சிச் சிறு புஸ்தகம் ஓடிக்கிட்டிருந்தது. அச்சான தாளைக் கல்லு மேல விரிச்சு வெச்சிருந்தோம். தலைவர் படம் அஞ்சாம் பக்கம். அஞ்சாம் பக்கம் பாரத்துல தலைகீழாத்தான் நிக்கும், அது யாரா இருந்தாலும் சரி. வந்தவர் பாத்தாரு. மூஞ்சி சிவந்து போச்சு. "யாருய்யா இதைச் செஞ்சது? எந்தக் கட்சி ஆளு நீ?"ன்னாரு. கூட வந்தவங்க கதவைச் சாத்தினாங்க.

நான் ஒரு தாளை எடுத்து மடிச்சுக் காட்டினேன். தலைவர் நேரா நிமிர்ந்து உட்கார்ந்தாரு. ஒத்துக்கலை. "மடிச்சா நேராயிடுவாருன்றது சரி. மடிக்கிற வரைக்கும் தலைகீழாத்தானே இருக்காரு?"ன்னாரு. இதுக்குப் பதில் எந்த நைட் ஸ்கூல்லயும் சொல்லித் தரலை. யோசிச்சு, அவர் கையைப் பிடிச்சுக் கல்லைச் சுத்தி எதிர்ப்பக்கம் கூட்டிட்டுப் போய் நிறுத்தினேன். "இங்கேருந்து பாருங்க சார், நேரா இருக்காரு."

குனிஞ்சு பாத்தாரு. கோபம் அடங்கிச்சு. ஆனா இப்ப இந்தப் பக்கத்துலேருந்து பாக்கும்போது நாலாம் பக்கத்துப் படத்துல இருந்த கட்சிச் செயலாளர் தலைகீழா தெரிஞ்சாரு. அதைப் பாத்து மறுபடி கத்துவாருன்னு நான் சுருங்கி நின்னேன். அவரு ரொம்ப நேரம் அதையே ரசிச்சுப் பாத்துட்டு, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டாரு.

"செயலாளர் இருக்கலாம். அவரு வேற கோஷ்டி."

நன்றி சொல்லி ஆரம்பிச்ச விழா

முதல் தாள் ஆணியில ஏறினது ஒரு தொழிற்சாலை மனமகிழ் மன்றத்து ஆண்டுவிழாப் புஸ்தகத்தால. அன்னைக்கு மேடையில படிக்க வேண்டியது எல்லாம் வரிசையா அதுலதான். அஞ்சாம் பக்கம் வரவேற்புரை, பன்னெண்டாம் பக்கம் நன்றியுரை. ரெண்டுமே "பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே"ன்னு ஆரம்பிக்கும். பக்க எண் போட்டா அழகு கெடுதுன்னு மன்றத்துச் செயலாளர் எண்ணை எல்லாம் எடுக்கச் சொல்லிட்டாரு. பாரத்துல அஞ்சும் பன்னெண்டும் பக்கத்துப் பக்கத்துலதான் நிக்கும். மாத்தி வெச்சுட்டேன். இதுல சாக்கு ஒண்ணும் இல்லை, தப்பு என்னுதுதான்.

செயலாளர் புஸ்தகத்தைத் தவிர வேற எதையும் பாக்காத மனுஷன். கடவுள் வாழ்த்து முடிஞ்சதும் பக்கத்தைத் திருப்பி, வந்தவங்க எல்லாருக்கும் நன்றி சொல்லி, விழா இனிதே நிறைவடைந்ததுன்னு படிச்சிட்டாரு. சொன்னதும் ஜனங்க எழுந்து டிபன் பொட்டலத்துக்கு வரிசையில நின்னுட்டாங்க. சிறப்பு விருந்தினர் அப்பத்தான் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டிருந்தாராம். திரும்ப உட்கார வைக்க முடியலை.

மறுநாள் செயலாளர் பிரஸ்ஸுக்கு வந்தாரு. நான் மிஷினுக்குப் பின்னால ஒதுங்கி நின்னேன். அவரு மொதலாளி கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஏழு வருஷமா விழா நடத்தறேன். தொழிலாளிங்க எனக்குக் கை குடுத்துப் பாராட்டினது இந்த வருஷம்தான். அடுத்த வருஷமும் இதே மாதிரி போட்டுக் குடுங்க"ன்னாரு. அவர் போனதும் நான் வெளிய வந்தேன், கொஞ்சம் சிரிச்ச மூஞ்சியோட. மொதலாளி சிரிக்கலை. ஒரு தாளை எடுத்து நடுவுல குத்தி மாட்டினாரு.

"சந்தோஷம் அவங்களுக்கு. ஆணி உனக்கு."

லூர்து அக்காவோட கை

எங்க பைண்டர் பாய் வயசாகிச் சொந்த ஊருக்குப் போனதும், மடிக்கிற வேலை வேப்பம்பட்டுல இருந்த லூர்து அக்காவுக்குப் போச்சு. தாள் கட்டு ரயில்ல போகும், மடிச்சுப் பின் அடிச்சு ரயில்ல வரும். இங்க ஓரத்தை வெட்டி அனுப்பிடுவோம். அக்கா முதல்ல செஞ்சது ஒரு வீட்டு வசதிச் சங்கத்தோட விதிமுறைப் புஸ்தகம். வேலை சுத்தமா இருந்தது, மடிப்பு கத்தி மாதிரி.

நான் அச்சடிச்சது எதுவா இருந்தாலும் ஒரு பிரதியைப் படிக்கிறவன். சங்கத்துக்குக் கட்டெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு ரயில்ல உட்கார்ந்து படிச்சா, உறுப்பினரைச் சேர்க்கறதுக்கு முன்னாடியே நீக்கறாங்க. அப்புறம் கூட்டம் முடியுது, அப்புறம் கூடுது. பாரத்து ப்ரூப்பைப் பாத்தேன், எல்லாம் சரியாத்தான் இருந்தது. ஒண்ணும் புரியாம வேப்பம்பட்டுக்கே போனேன். "ஒண்ணு மடிச்சுக் காட்டு அக்கா"ன்னேன். மடிச்சாங்க. இடது கை. பாய் வலமிருந்து இடமா மடிப்பாரு, அக்கா இடமிருந்து வலமா. முதல் மடிப்புல ஒண்ணும் தெரியாது. ரெண்டாவதுல உள்ள போக வேண்டிய பக்கம் வெளிய வந்துடும். பாய் கைக்கு நான் போட்ட பாரத்தை அக்கா கை மடிச்சிருக்கு.

யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். ரெண்டு நாள் இருந்தும் பாத்தேன். சோறு இறங்கலை. மொதலாளிகிட்ட சொல்லிட்டேன். அவரு சங்கத் தலைவருக்கு ஆள் அனுப்பினாரு. தலைவர் வந்து, "வேற அடிக்க வேணாம். விதியைப் படிக்கிற ஆளு எங்க சங்கத்துல யாரும் இல்ல"ன்னு போயிட்டாரு. மொதலாளி என்னைப் பாத்து, "நீயா வந்து சொன்னது நல்ல குணம்"னு சொல்லிக்கிட்டே ரெண்டாவது தாளை மாட்டினாரு. அன்னையிலேருந்து நான் ஒரு வழக்கம் வெச்சுக்கிட்டேன். ஒவ்வொரு வேலைக்கும் முன்னாடி ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கிட்டு வேப்பம்பட்டுக்குப் போவேன். அக்கா தன் கையால மடிக்கணும், நான் பென்சில்ல எண் போடுவேன், அதைப் பிரிச்சுப் பாத்துத்தான் பாரம். பக்கம் எல்லாம் கண்ணாடியில பாத்த மாதிரி இடம் வலமா மாறும், அவ்வளவுதான். அதைச் சொன்ன அன்னைக்கு அக்கா என்னை ஒரு மாதிரியாப் பாத்தாங்க.

"சின்ன வயசுலேர்ந்து எல்லாரும் கைய மாத்து, கைய மாத்துன்னே உயிர வாங்கினாங்க. நீ ஒருத்தன்தான் பாரத்த மாத்திக்கிறேன்ற."

ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தவரு

ரெண்டு தாள் ஏறின பிறகு பிரஸ் வாசல்ல ஒரு ஸ்டூல் வந்தது. அதுல மொதலாளியோட மச்சினன் சபாபதி. பூந்தமல்லியிலேருந்து தினம் காலையில வந்து உட்காருவாரு, சினிமாப் பத்திரிகையை விரிச்சுக்குவாரு. அப்பப்போ நிமிர்ந்து ஆணியைப் பாப்பாரு. மூணாவது தாள் ஏறினா என் இடத்துல அவர்தான்னு பிரஸ் முழுக்கப் பேச்சு. நான் ஆப்பு அடிச்சு இறுக்கற ஒவ்வொரு அடியும் அவர் தலையில விழறதா நினைச்சுக்குவேன்.

ஒரு மத்தியானம் நான் பாரத்தைக் கூட்டிப் பாத்துக்கிட்டிருந்தேன். பாரத்துல முதுகு ஒட்டி நிக்கிற ரெண்டு பக்கத்தைக் கூட்டினா எப்பவும் பதினேழு வரும். ஒண்ணும் பதினாறும், அஞ்சும் பன்னெண்டும், எட்டும் ஒன்பதும். வரலைன்னா தப்பு. சபாபதி எழுந்து வந்து எதிர்ல நின்னு அவரும் விரல் வெச்சுக் கூட்ட ஆரம்பிச்சாரு. தப்புக் கண்டுபிடிக்க வந்திருக்காருன்னு எனக்கு எரிஞ்சுது. "இன்னா, அவசரமா?"ன்னேன்.

சுத்திப் பாத்துட்டு மெதுவாச் சொன்னாரு. அவருக்குப் பூந்தமல்லியில வாடகை சைக்கிள் கடை வெக்கணும்னு ஆசை. அவரோட அக்கா, அதான் மொதலாளி சம்சாரம், விடலை. "பிரஸ்ல எடம் காலியாவட்டும், அதுவரிக்கும் அங்கியே குந்து"ன்னு அனுப்பிட்டாங்க. என் இடம் காலியானா அவர் கதை முடிஞ்சது. அதனால எனக்கு முன்னாடி காலையிலேயே வந்து, முந்தின நாள் பாரத்தை ஒரு தடவை கூட்டிப் பாத்துட்டுத்தான் பத்திரிகையைப் பிரிக்கிறாராம். இத்தனை நாள் எனக்குத் தெரியலை.

"அண்ணாத்தே, ஒன் வேலையப் பத்தி ஒனக்குக் கீற கவலைய விட எனக்குத்தான் ஜாஸ்தி. பாத்துப் போடு."

அம்மனுக்கு அந்தப் பக்கம்

எங்க பிரஸ் தெரு அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. விழா மலர் எங்க பிரஸ்லதான், மொதலாளி கமிட்டியில துணைத் தலைவரு. ஒன்பதாம் பக்கத்துல அம்மன் படம். எதிர்ல எட்டாம் பக்கத்துல கமிட்டித் தலைவர் கும்பிட்டபடி. புஸ்தகத்தை நடுவுல விரிச்சா அவரும் அம்மனும் நேருக்கு நேர். மொதலாளி படம் அஞ்சாம் பக்கம். பன்னெண்டுல பூஜை நேரம். பதிமூணுல ஒரு மூட்டைப்பூச்சி மருந்துக் கம்பெனி விளம்பரம், கொட்டை எழுத்துல: "தினமும் உங்கள் ரத்தத்தை உறிஞ்சுவது யார்?"

லூர்து அக்கா கைக்கு ஏத்த மாதிரி பாரம் போட்டேன். நானும் கூட்டினேன், சபாபதியும் கூட்டினாரு. எல்லாம் பதினேழு. இறுக்கி அந்தோணிகிட்ட ஒப்படைச்சிட்டு, அடுத்த வேலைக்குத் தாள் மடிச்சு வாங்க வேப்பம்பட்டுக்கு ரயில் ஏறினேன். சாயங்காலம் வந்தப்போ முன்பக்கம் ஓடி முடிஞ்சிருந்தது. அந்தோணி என் கண்ணைப் பாக்கலை. அது எனக்கு அப்ப உறைக்கலை. மறுநாள் பின்பக்கமும் ஓடி, கட்டு வேப்பம்பட்டுக்குப் போய் மடிஞ்சு வந்தது. கட்டோட லூர்து அக்காவே வந்துட்டாங்க. ஒரு பிரதியைப் பிரிச்சு என் முன்னால வெச்சாங்க. "கோயிந்து, ஒங்க மொதலாளி மூட்டப்பூச்சி மருந்துக்கு எதிர்ல சிரிச்சிகினு கீறாரு. நீ போட்டதா?"ன்னாங்க. பன்னெண்டாம் பக்கத்துல மொதலாளி, பல்லெல்லாம் தெரிய. பதிமூணுல அந்தக் கேள்வி. பூஜை நேரம் அஞ்சுக்குப் போயிருந்தது. அஞ்சும் பன்னெண்டும். நான் முதல்ல மாத்தின அதே ரெண்டு பக்கம்.

மறுநாள் காலையில கும்பாபிஷேகம், வேற அடிக்க நேரம் இல்லை, ஓரத்தை வெட்டிக் கட்டிட்டோம். அந்த நேரம் பாத்து மொதலாளி கமிட்டித் தலைவரைக் கூட்டிக்கிட்டு உள்ள வந்தாரு. பிரதியை வாங்கி நடுவுல விரிச்சாரு. அம்மன், தலைவர். தன்னைக் காணோம். முன்னால புரட்டினாரு, பின்னால புரட்டினாரு. பன்னெண்டுல நின்னாரு. எதிர்ப்பக்கத்தைப் படிச்சாரு. தலைவர் எட்டிப் பாத்து, "நம்ம ஏகாம்பரத்துக்கு எப்பவும் அடக்கம் ஜாஸ்தி. பின்னால போய் உட்கார்ந்துட்டாரு பாருங்க"ன்னு சொல்லி, கட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

மொதலாளி என்னைப் பாத்தாரு. "மூணு"ன்னாரு. அந்தோணி மிஷினைத் துடைக்க ஆரம்பிச்சாரு, ஏற்கெனவே துடைச்ச இடத்தையே. வெட்டாத தாள் ஒண்ணை எடுத்து விரிச்சு அவர் கையில குடுத்தேன். வீட்ல என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே, மேஜையிலேருந்து என் பென்சிலை எடுத்துச் சட்டைப்பையில போட்டுக்கிட்டேன். அவரு ஆணிக்கிட்ட போனாரு. அப்பத்தான் ஸ்டூல்லேருந்து சபாபதி எழுந்தாரு.

"மாமா, அன்னிக்கு மத்தியானம் நீங்கதானே அந்தோணிய நிறுத்தச் சொல்லிப் பாரத்தப் பிரிச்சீங்க? அம்மன் நடுவுல கீது, இந்தாண்ட தலைவரு, அந்தாண்ட நான்னு சொல்லி உங்க படத்த நவுத்தி வெச்சீங்களே. நான் கூடச் சொன்னேன், கூட்டினா பதினேழு வர்ற எடத்துல நீங்க கைய வெக்கிறீங்கன்னு. 'உனக்கு இன்னாடா தெரியும், யாராண்டயும் பேசாத'னீங்க."

அப்ப எனக்கு விளங்கிச்சு. கல்லு மேல பாத்தா அம்மனுக்கு ஒரு பக்கம் எட்டு, இன்னொரு பக்கம் பன்னெண்டு. மூணு பேரும் வரிசையா நிக்கிற மாதிரிதான் இருக்கும், மடிச்சாத்தான் பன்னெண்டு பதிமூணுக்கு எதிர்ல போயிடும். இருபது வருஷமா பிரஸ் நடத்தறவரு. முதல் பக்கத்தை ஒட்டினாப்பல எது வரும்னு என்னைக் கேட்டு வேலை குடுத்தவரு. ஒன்பதை ஒட்டினாப்பல எது வரும்னு அவரை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை.

மொதலாளி தாளைக் கையில வெச்சுக்கிட்டு ஆணிக்கு முன்னால அசையாம நின்னாரு. தாள்ல அவர் தலைகீழா சிரிச்சுக்கிட்டிருந்தாரு. மாட்டினா, வாசல்ல நுழையற ஒவ்வொருத்தருக்கும் அது தெரியும். தாளை நாலா மடிச்சு இடுப்புல சொருகினாரு. பழைய தாள் ரெண்டையும் கழட்டினாரு. ஆணியைப் பிடிச்சு ஆட்டிப் பாத்தாரு.

"துரு புடிச்சிருக்கு. யாராவது கையைக் கிழிச்சுக்குவாங்க. புடுங்கிடு கோவிந்தா."

ஆணி இருந்த இடம்

ஓடிப்போய்க் கட்டிங் பிளேயர் கொண்டு வந்து குடுத்தது சபாபதிதான். நான் புடுங்கினேன். பென்சிலைத் திரும்ப மேஜையில வெச்சேன். சுவத்துல விழுந்த ஓட்டையை அந்தோணி சுண்ணாம்பு வெச்சு அடைச்சாரு. ஒரு மாசத்துல ஸ்டூலும் காலி. இனிமே எந்த இடமும் காலியாகாதுன்னு அவர் அக்காவுக்கே புரிஞ்சுபோய், பூந்தமல்லியில சைக்கிள் கடைக்குச் சம்மதிச்சுட்டாங்க. அதுக்கப்புறமும் நான் தப்பே பண்ணலைன்னு சொல்ல மாட்டேன். மாட்டறதுக்கு இடம் இல்லை, அவ்வளவுதான்.

விழா முடிஞ்ச பத்தாம் நாள் அந்த மூட்டைப்பூச்சி மருந்துக்காரர் வந்தாரு. சண்டைக்கு வந்திருக்காருன்னு நினைச்சேன். உட்கார்ந்து தண்ணி குடிச்சாரு. பக்கத்துக் கோயில் மலர்லயும் விளம்பரம் போடணும்னாரு. உள் அறையில மொதலாளி ப்ரூப் பாத்துக்கிட்டிருந்தாரு. கதவு திறந்துதான் இருந்தது. வந்தவர் மலரைப் பிரிச்சுப் பன்னெண்டாம் பக்கத்தைத் தட்டிக் காட்டினாரு.

"எதிர்ப்பக்கத்துல இவரைப் போட்டது ரொம்பப் பொருத்தமா இருந்துச்சு தம்பி. இந்தத் தடவையும் இவர் படமே கிடைக்குமா?"

இத்தனை வருஷம் பக்கங்களை இடம் மாத்தி மாத்தி வெச்சதுல நான் தெரிஞ்சுக்கிட்டது ஒண்ணுதான்: புஸ்தகத்தை விரிச்சா ரெண்டு பேருக்குத்தான் இடம், மூணாவதா நுழையறவரு எதிர்ப்பக்கத்துல என்ன அச்சாகியிருக்குன்னு ஒரு தடவை படிச்சுட்டு நுழையறது உடம்புக்கு நல்லது.